தலைமாட்டில் வைக்க ஒரு தொகைநூல்: எதை வாங்குவது, எங்கே திறப்பது

பள்ளிக்கூடத்தோடு செய்யுளை விட்டவர்கள் நாற்பது வயதுக்கு மேல் கவிதைப் பக்கம் திரும்பினால், அநேகமாகச் சங்கத் தொகைநூலான குறுந்தொகையைத்தான் வாங்குகிறார்கள். 'யாயும் ஞாயும்' சினிமாப் பாட்டு வரைக்கும் வந்துவிட்டதால் பெயர் பழக்கமாக இருக்கிறது. இரவு பத்து மணிக்கு, அலுவலகக் களைப்போடு, முதல் பக்கத்திலிருந்து தொடங்குகிறார்கள். கடவுள் வாழ்த்தைத் தாண்டியதும் நிற்பது 'செங்களம் படக்கொன்று அவுணர்த் தேய்த்த' என்ற பாட்டு. போர்க்களம், அசுரர், குருதி, அம்பு, யானை எல்லாம் நான்கே அடிக்குள் வந்துவிடுகின்றன. அருமையான பாட்டுத்தான், ஆனால் அந்த நேரத்துக்கு உரியதல்ல. நான்கைந்து நாளில் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். 'நமக்கு இலக்கியம் ஏறாது' என்ற தீர்ப்பு மட்டும் மிஞ்சும்.

தப்பு வாசகரிடம் இல்லை. எந்தத் தொகை, எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்ற மூன்று கேள்விகளையும் யாரும் அவருக்குப் பிரித்துச் சொல்லவில்லை. ஆறுதலுக்கும் இன்பத்துக்கும் படிக்கிறவருக்கு எது ஒத்துவரும் என்ற ஒரே கோணத்தில், எளிதாகக் கிடைக்கும் தொகைநூல்கள் சிலவற்றை இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம். ஆய்வுக்கும் தேர்வுக்கும் வேண்டிய அளவுகோல் வேறு. அதை இங்கே கொண்டுவர வேண்டாம்.

நமக்கு வேண்டிய அளவுகோல் இவ்வளவுதான்: பாட்டு ஒரே மூச்சில் முடிகிறதா, ஒரு பாட்டுக்குச் செலவழித்த உழைப்பு அடுத்த பாட்டுக்கும் உதவுகிறதா, மனம் சோர்ந்திருக்கும்போது காலை வாரிவிடாமல் இருக்கிறதா. சொல் எளிமையை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்கவில்லை. கடினமான சொல் ஒன்றிருந்தாலும் அதே சொல் பத்துத் தடவை திரும்ப வந்தால் மூன்றாம் தடவையே அது நம் வீட்டுச் சொல்லாகிவிடும். எளிய சொற்களாலான கவிதை ஒவ்வொன்றும் வேறுவேறு பூட்டோடு வந்தால்தான் களைப்பு.

இந்த அளவுகோலில் முதலிடம் ஐங்குறுநூற்றுக்கு.

ஐங்குறுநூறு: ஒன்று திறந்தால் பத்து திறக்கும்

ஐந்நூறு பாட்டு, ஒவ்வொன்றும் 3 முதல் 6 அடி. திணைக்கு நூறாக ஐந்து புலவர்கள் பாடியது. மருதத்துக்கு ஓரம்போகியார், நெய்தலுக்கு அம்மூவனார், குறிஞ்சிக்குக் கபிலர், பாலைக்கு ஓதலாந்தையார், முல்லைக்குப் பேயனார். நூறும் பத்துப் பத்தாகப் பிரிந்து கிடக்கிறது. பெரும்பாலான பத்துகளில் ஒரு தொடரோ ஒரு விலங்கோ ஒரு மரமோ பத்துப் பாட்டிலும் திரும்பத் திரும்ப வரும். எருமைப் பத்து, களவன் பத்து (களவன் என்றால் நண்டு), குரக்குப் பத்து, கிள்ளைப் பத்து, மஞ்ஞைப் பத்து, சிறுவெண்காக்கைப் பத்து என்று பெயர்களே ஒரு சின்ன விலங்குக் காட்சிசாலை. ஒரு பத்தின் முதல் பாட்டுக்கு உரை பார்த்துவிட்டால், மற்ற ஒன்பதிலும் பாதி ஏற்கெனவே புரிந்ததாகிவிடும். வேறெந்தச் சங்கத் தொகையிலும் இந்த வசதி இவ்வளவு தாராளமாகக் கிடையாது.

ஆனால் இதையும் முதல் பக்கத்திலிருந்து படிக்கக் கூடாது. நூல் மருதத்தில் தொடங்குகிறது. மருதம் என்றால் ஊடல். கணவன் பரத்தை வீட்டுக்குப் போய்வந்த சண்டை. நூறு பாட்டும் ஏதோ ஒரு விதத்தில் அந்தப் புண்ணைச் சுற்றியே வரும். இலக்கியச் சுவை குறையவே குறையாது. ஆனாலும் வீட்டில் மனக்கசப்போடு இருக்கும் ஒருவர் ஆறுதல் தேடி இதைத் திறந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். விதிவிலக்கு முதல் பத்து, வேட்கைப் பத்து. அங்கே பாட்டுக்குப் பாட்டு முதலடி 'வாழி ஆதன் வாழி அவினி'. இரண்டாம் அடியில் ஒரு வாழ்த்து வரும்:

நெற்பல பொலிக பொன்பெரிது சிறக்க
விளைக வயலே வருக இரவலர்
பால்பல ஊறுக பகடுபல சிறக்க
பசியில் லாகுக பிணிசேண் நீங்குக

இவை நான்கும் நான்கு வெவ்வேறு பாட்டிலிருந்து எடுத்தவை. கணவனைப் பிரிந்திருக்கும் ஒருத்தி தன் குறையைச் சொல்லாமல் நெல்லும் பாலும் பெருகட்டும், பசி போகட்டும், நோய் தூரப் போகட்டும் என்று ஊருக்காக வேண்டிக்கொள்கிறாள். விளக்கணைக்கும் முன் வாய்விட்டுச் சொல்ல இதைவிடப் பொருத்தமானது தேடினாலும் கிடைப்பது அரிது.

தொடங்க வேண்டிய உண்மையான இடம் கடைசி நூறு, முல்லை. 401ஆம் பாட்டு:

மறியிடைப் படுத்த மான்பிணை போலப்
புதல்வன் நடுவண னாக நன்றும்
இனிது மன்றஅவர் கிடக்கை

குட்டியை நடுவில் விட்டு ஆண்மானும் பெண்மானும் படுத்திருப்பதுபோல, பிள்ளையை நடுவில் போட்டுக்கொண்டு இருவரும் படுத்திருக்கிறார்கள், அது எவ்வளவு இனிது என்று செவிலித்தாய் (வளர்த்த தாய்) வந்து சொல்கிறாள். மகளை அனுப்பிவைத்த தாய்க்குச் சொல்லும் நல்ல செய்தி. 'மறி', 'பிணை', 'நடுவணன்' இந்த மூன்று சொல்லுக்கு மட்டும் உரை பார்த்தால் போதும். 401 முதல் 410 வரை செவிலி கூற்றுப் பத்து முழுவதும் இதே வீட்டுக்குள்தான் நடமாடுகிறது.

அங்கிருந்து 431க்குத் தாவுங்கள். புறவணிப் பத்து. பத்துப் பாட்டுக்கும் ஒரே தொடக்கம்: 'நன்றே காதலர் சென்ற ஆறே.' அவர் போன வழி நல்ல வழிதான் என்று சொல்லி, அந்த வழியில் இருப்பதை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்கிறாள். வெளியூரில் பிள்ளை, வெளிநாட்டில் கணவன் என்று கவலைப்படுகிறவர்கள் இன்றும் மனத்துக்குள் செய்வது இதுதானே. பிறகு 203. கணவன் ஊரில் குடித்த தண்ணீர் எப்படி இருந்தது என்று கேட்ட தோழிக்குத் தலைவி சொல்லும் பதில்:

அன்னாய் வாழிவேண்டு அன்னைநம் படப்பைத்
தேன்மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு
உவலைக் கூவல் கீழ
மானுண்டு எஞ்சிய கலிழி நீரே

தழை மூடிய கிணற்றின் அடியில், மான் குடித்து மிச்சம் வைத்த கலங்கல் நீர். அது நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது. இதைக் கேட்டுச் சிரிக்காத மாமியார் கிடையாது. கலங்காத அம்மாவும் கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: 129, 130 ஆகிய இரண்டு பாட்டும் ஏட்டிலேயே கிடைக்கவில்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறதே என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம்.

குறுந்தொகை: தூக்கம் வராத இரவுக்கு

குறுந்தொகை இரண்டாவதாக வாங்க வேண்டிய புத்தகம். 401 பாட்டு, இருநூற்றுச் சொச்சம் புலவர்கள், 4 முதல் 8 அடி (307உம் 391உம் மட்டும் ஒன்பது). இங்கே பத்துப் பத்தாகக் கோத்த ஒழுங்கு இல்லை. குறிஞ்சிக்கு அடுத்தது பாலை, அதற்கடுத்தது நெய்தல் என்று கலந்து வரும். ஒவ்வொரு பாட்டுக்கும் பேசுகிறவர் யார், கேட்கிறவர் யார், என்ன சூழ்நிலை என்று புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டும். அதுதான் களைப்பு. ஆனால் கட்டி முடித்தபின் கிடைக்கும் இன்பம் ஐங்குறுநூற்றைவிட ஒரு படி கூட என்று ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இந்தத் தொகையின் தனிச்சொத்து இரவுப் பாட்டுகள். பதுமனார் பாடிய 6ஆம் பாட்டு:

நள்ளென் றன்றே யாமம் சொல்லவிந்து
இனிதடங் கினரே மாக்கள் முனிவின்று
நனந்தலை உலகமும் துஞ்சும்
ஓர்யான் மன்ற துஞ்சா தேனே

தூக்கம் வராதவருக்கு 'தூங்கு' என்று சொல்வதைவிட, ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே ஒருத்தி இப்படிக் கண்விழித்துக் கிடந்தாள் என்று காட்டுவது மேல். 138ஆம் பாட்டு இன்னும் நுட்பம். கொல்லன் அழிசி பாடியது. ஊர் தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை, மயிலின் கால்போல இலையுள்ள நொச்சியின் பூ உதிரும் ஓசையைக் கேட்டுக்கொண்டே கிடந்தோம் என்கிறது. பூ விழும் சத்தம் காதில் படும் அளவுக்கு நிசப்தம். இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் அறையே கொஞ்சம் அடங்கினாற்போல இருக்கும்.

பகல் வேளைக்கு 167. கூடலூர் கிழார் காட்டும் அடுக்களை: கட்டித் தயிரைப் பிசைந்த விரலைத் துடைத்த சேலையை மாற்றாமல், கண்ணில் தாளிப்புப் புகை ஏற, தானே துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பு. 'இனிது' என்று கணவன் உண்கிறான். அவள் ஒன்றும் பேசவில்லை. 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று ஒண்ணுதல் முகனே', முகம் மட்டும் தெரிந்தும் தெரியாமலும் மலர்ந்தது. 'குய்' என்றால் தாளிப்பு. இந்த ஒரு சொல் தெரிந்தால் பாட்டு முழுக்க மணக்கும்.

வெள்ளிவீதியார் பாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொகையிலேயே கூர்மையானவை அவை. பிரிவின் வலி தாளாமல் எழுந்த குரல். புதிதாகப் பிரிவுக்கு ஆளானவர் கையில் முதல் நாளே அதைக் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அவரே தேடிப் போவார்.

புறநானூற்றில் பதினான்கு பாட்டு

புறநானூற்றை மொத்தமாகத் தலைமாட்டில் வைக்கச் சொல்ல மனம் வரவில்லை. முதல் நூறு பாட்டுக்கு மேல் பெரும்பாலும் மன்னர் புகழ், போர், எரியும் ஊர்கள். வரலாறு பிடித்தவருக்கு விருந்து, மற்றவருக்கு மலையேற்றம். ஆனால் 182 முதல் 195 வரை ஒரு திட்டு இருக்கிறது. 'உண்டால் அம்ம இவ்வுலகம்', 'யாதும் ஊரே', நரைக்காததற்குக் காரணம் சொல்லும் பிசிராந்தையார் பாட்டு, 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்ற நக்கீரர் பாட்டு எல்லாம் இந்தப் பதினான்குக்குள் அடக்கம். இதை மட்டும் ஒளிநகல் எடுத்துத் தைத்து வைத்துக்கொண்டால் ஒரு தனி நூலுக்குச் சமம்.

இந்தத் திட்டில் துக்க வீட்டுக்கு உரியது 194. பக்குடுக்கை நன்கணியார் பாட்டு. ஒரு வீட்டில் சாப்பறை, ஒரு வீட்டில் மணமுழவு. கூடியவர் பூச்சூட, பிரிந்தவர் கண்ணீர் வடிக்க, இப்படிப் படைத்துவைத்தவன் பண்பில்லாதவன் என்று கடவுளையே திட்டிவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசுகிறது:

இன்னாது அம்மஇவ் வுலகம்
இனிய காண்கிதன் இயல்புணர்ந் தோரே

'எல்லாம் நன்மைக்கே' என்று பூசி மெழுகவில்லை. உலகம் கொடியதுதான் என்று முதலில் ஒத்துக்கொள்கிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்களில் இப்படிப் பேசுகிறவர் சொல்தான் காதில் ஏறும்.

அதே திட்டில் 188 இருக்கிறது. 'குறுகுறு நடந்து சிறுகை நீட்டி' என்று சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை வரும் பாட்டு. எல்லோருக்கும் பிடித்ததால் எல்லாத் திரட்டிலும் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் கடைசி வரி, இப்படிப்பட்ட பிள்ளை இல்லாதவர் வாழும் நாளுக்குப் பயனே இல்லை என்று முடிகிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் தம்பதிக்குக் கொடுக்கும் புத்தகத்தில் இந்தப் பாட்டு இருக்கிறதா என்று ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

வயதானவர்களுக்கு 243. தொடித்தலை விழுத்தண்டினார் என்றே பெயர் பெற்றுவிட்ட புலவர், இருமலுக்கு நடுவே, கோலூன்றியபடி, சிறுவயதில் மருதமரக் கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளிக் காட்டிய நாளை நினைக்கிறார். எழுபதைத் தாண்டியவர்களிடம் இதை வாசித்துக் காட்டினால் பாட்டு முடிவதற்குள் அவர்கள் ஊர்க் குளத்தின் பெயர் வந்துவிடும்.

வெண்பாவில் ஒரு நிழல்

முத்தொள்ளாயிரம் முழுதாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு என்ற தொகையில் யாரோ எடுத்து வைத்ததால் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட வெண்பாக்கள் தப்பின. திரட்டுகிறவர்கள் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். நாலடியில் முடியும், எதுகை காதைப் பிடித்து இழுக்கும், சங்கப் பாட்டைவிடச் சொல் நமக்கு அருகில் இருக்கும். சேரநாட்டில் நடக்கும் ஒரே ஆரவாரம் என்ன தெரியுமா?

அள்ளற் பழனத்து அரக்காம்பல் வாயவிழ
வெள்ளம்தீப் பட்ட தெனவெரீஇப் - புள்ளினம்தம்
கைச்சிறகால் பார்ப்பொடுக்கும் கவ்வை யுடைத்தரோ
நச்சிலைவேற் கோக்கோதை நாடு

செவ்வாம்பல் பூத்ததைப் பார்த்துத் தண்ணீர் தீப்பற்றிவிட்டது என்று பயந்து பறவைகள் குஞ்சுகளைச் சிறகுக்குள் ஒடுக்கிக்கொள்கின்றன. நாட்டில் உள்ள கலவரம் அவ்வளவுதான். ரசிகமணி டி.கே.சி. உரையோடு கிடைத்தால் அதையே வாங்குங்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் ரசித்துச் சொல்வதுபோல எழுதியிருப்பார். ஒரே குறை, பெரும்பகுதி மன்னன் உலா வருவதும் பெண்கள் மயங்குவதுமாகவே இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று வெண்பாவுக்கு மேல் போனால் திகட்டும்.

சிரிக்க வேண்டுமென்றால்

தனிப்பாடல் திரட்டுக்கு நிகராகச் சிரிப்பு மூட்டும் தொகை தமிழில் இல்லை. ராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில், தில்லையம்பூர் சந்திரசேகர கவிராச பண்டிதர் 19ஆம் நூற்றாண்டில் தொகுத்தது. காளமேகம், ஔவையார், இரட்டைப் புலவர்கள் என்று வாய்மொழியில் மிதந்துகொண்டிருந்தவர்களை ஒரு கூரைக்குள் கொண்டுவந்தார். ஓட்டலில் சாப்பாடு வரத் தாமதமானால் இன்றும் ஞாபகம் வரும் பாட்டு:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்

பொழுது சாயும்போது அரிசி வருகிறது, உலையில் போடும்போது ஊர் தூங்குகிறது, ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைக்கிறது. சத்திரத்துக்காரர் வருந்தியதும் காளமேகம் இதே பாட்டைப் புகழ்ச்சியாகத் திருப்பினார் என்று கதை: நாட்டில் அரிசி அற்றுப்போன காலத்திலும் இங்கே வரும், உலையிலிட்டால் ஊர்ப் பசி அடங்கும், அந்த அன்னத்தின் வெண்மையைக் கண்டு வெள்ளி எழுந்து ஓடும்!

இதே வகை நூலில்தான் சத்திமுத்தப் புலவரின் 'நாராய் நாராய் செங்கால் நாராய்' கிடைக்கும். பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற அலகுடைய நாரையே, வடக்கே போனால் எங்கள் ஊர்க் குளத்தில் தங்கி, நனைந்த சுவரில் பல்லி சொல்லும் சகுனத்தைப் பார்த்துக் காத்திருக்கும் என் மனைவியிடம் சொல். மதுரையில், குளிரில், 'கையது கொண்டு மெய்யது பொத்தி' ஒருவன் கிடக்கிறான் என்று. பிழைக்கப் போன ஊரில் தனி அறையில் இருப்பவருக்கு இதைவிட நெருக்கமான பாட்டு எது? சிரிப்புக்காக வாங்கிய புத்தகத்தில் அழவைக்கும் பாட்டும் இருப்பது இதன் பலம்.

பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். வசைப்பாட்டும் விரசமும் தாராளம். குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டும் முன் ஒருமுறை கண்ணோட்டம் விடுங்கள். பாட்டோடு ஒட்டிவரும் கதைகளை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கம்பரும் ஔவையும் ஒட்டக்கூத்தரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். சிலேடைப் பாட்டுகளை இரவில் தவிர்த்துவிடலாம். இரண்டு பொருளையும் பிரித்தெடுக்கும்போது மூளை விழித்துக்கொள்ளும், தூக்கம் போய்விடும்.

விவேக சிந்தாமணியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். 'ஆவீன மழைபொழிய இல்லம் வீழ' என்று மாடு கன்று போடுவதிலிருந்து குருக்கள் தட்சணை கேட்பது வரை எல்லாத் தொல்லையும் ஒரே நாளில் ஒருவன் தலையில் விழும் பாட்டுக்காகவே அதை வைத்திருக்கலாம். பெண்களை இழித்துப் பேசும் பாட்டுகள் மண்டிக்கிடப்பதால் பரிசாகக் கொடுக்க உதவாது.

பாடிக் கேட்க வேண்டியவை

தேவாரம், திவ்வியப் பிரபந்தம் இரண்டும் தொகைகள்தாம். பக்தி உள்ளவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பக்தி இல்லாதவரும் அப்பரின் ஐந்தாம் திருமுறையை எட்டிப் பார்க்கலாம். நாலடிப் பாட்டுகள், 'மாசில் வீணையும் மாலை மதியமும்' அங்கேதான். இந்த யாப்புக்குத் திருக்குறுந்தொகை என்று பெயர் என்பதால் இணையக் கடையில் பெயரைத் தட்டும்போது குழம்ப வேண்டாம். இவற்றைப் படிப்பதைவிட ஓதுவார் பாடக் கேட்பது நல்லது.

நாட்டுப்பாடலுக்கும் இதே விதி. பெர்சி மாக்வீன் திரட்டி, கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்து 1958இல் தஞ்சை சரசுவதி மகால் வெளியிட்ட 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இரண்டும் நல்ல தொகுப்புகள். மொழித்தடை இல்லை. ஆனால் 'மாமன் அடிச்சானோ மல்லிகைப்பூச் செண்டாலே' என்பதைக் கண்ணால் மட்டும் படித்தால் ஏழாவது வரியில் அலுப்புத் தட்டும். திரும்பத் திரும்ப வருவது தொட்டில் ஆட்டத்துக்காக ஏற்பட்டது. வாய்விட்டு, தெரிந்த மெட்டில் படியுங்கள். மெட்டுத் தெரியாவிட்டால் வீட்டில் மூத்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

புதுக்கவிதைத் தொகைகள்

அகராதி தேவைப்படாத புதுக்கவிதையைத்தானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்கலாம். சொல் புரியும் என்பது உண்மை. ஆனால் இந்தத் தொகைகள் பெரும்பாலும் ஆறுதலுக்காகத் தொகுக்கப்படவில்லை. ஒரு குரல் எழுந்துவிட்டது என்று பதிவு செய்யத் தொகுக்கப்பட்டவை. சி.சு. செல்லப்பா 1962இல் கொண்டுவந்த 'புதுக்குரல்கள்' பெயரிலேயே அதைச் சொல்கிறது. ஈழத்திலிருந்து வந்த 'மரணத்துள் வாழ்வோம்' (1985), பெண்களின் 'சொல்லாத சேதிகள்' (1986) ஆகியவை தூங்கப்போகும் முன் படிக்க வந்தவை அல்ல. அதே இழப்பைச் சுமப்பவருக்கு மட்டும் கணக்கு மாறும்: அவருக்கு அமைதி வேண்டியதில்லை, தன் சொல்லைச் சொல்லும் இன்னொருவர் வேண்டும். அவருக்குச் சங்கப் பாட்டைக் கொடுத்து ஆற்றுப்படுத்த நினைப்பது நம் பிழையாக முடியும்.

கடையில் பார்க்க வேண்டியது

பழந்தொகைகளுக்குப் பதிப்புத்தான் பாதி விஷயம். மூலம் யாருக்கும் உரிமையான சொத்தல்ல. பழைய உரைகள் பலவும் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஆகையால் ஒரே நூலுக்குப் பல பதிப்பகங்கள், பலவிதத் தரம். வாங்கும் முன் ஒரே ஒரு பாட்டைச் சோதித்தால் போதும். குறுந்தொகை என்றால் 167ஐத் திறங்கள். 'கழாஅது உடீஇ' என்பதற்குத் தனியாகப் பொருள் தந்திருக்கிறார்களா, அல்லது மொத்தப் பாட்டுக்கும் ஒரு பத்தி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார்களா? முன்னது பதவுரை, பின்னது பொழிப்புரை. பொழிப்புரை மட்டும் உள்ள புத்தகம் மூலத்தின் பக்கம் உங்களை வரவே விடாது. ஆறு மாதம் கழித்தும் பத்தியைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்து, சொல் பிரிப்பு. செய்யுளைச் சீர் பிரித்து அச்சிட்டால் ஒரு சொல் நடுவில் உடையும். 'நள்ளென் றன்றே' என்பதில் 'றன்றே' என்று எந்தச் சொல்லும் கிடையாது. 'நள்ளென்றன்றே' உடைந்த துண்டு அது. யாப்புக் கற்பவருக்கு அது வேண்டும். உங்களுக்கு 'சொல் அவிந்து இனிது அடங்கினரே' என்று பிரித்த பதிப்பு வேண்டும். இரண்டையும் மேலும் கீழுமாகத் தரும் பதிப்பு கிடைத்தால் அதிர்ஷ்டம்.

உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு (1937) எல்லாவற்றுக்கும் மேலானது. பதவுரை, கருத்து, விசேடவுரை, ஒப்புமைப் பகுதி என்று ஒரு பாட்டுக்குப் பக்கம் பக்கமாக விரியும். அதனாலேயே அது மேசைப் புத்தகம், கட்டில் புத்தகம் அல்ல. படுத்துக்கொண்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும். ஐங்குறுநூற்றுக்கு ஔவை துரைசாமிப் பிள்ளை உரையும் அப்படித்தான். தலைமாட்டுக்கு மெல்லிய பதிப்பு, சந்தேகம் தீர்க்க இந்தப் பெரிய பதிப்பு என்று இரண்டாக வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பெரியதைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. மதுரைத் திட்டத்தில் பெரும்பாலான மூலங்களும், தமிழ் இணையக் கல்விக்கழக நூலகத்தில் உரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. செல்பேசியில் மூலத்தைப் படிப்பதில் ஒரு தொல்லை: அடி நீளம் திரைக்குள் அடங்காமல் மடிந்து அடுத்த வரிக்கு வரும், நாலடிப் பாட்டு ஏழு வரியாகத் தெரியும், ஓசை கெடும். திரையைக் குறுக்காகத் திருப்பிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் பிடித்த பாட்டைக் கையால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பத்து நிமிடம்

படிக்கும் வரிசையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் 'தோழி கூற்று', 'செவிலி கூற்று' என்ற குறிப்பை மட்டும் பாருங்கள். யார் பேசுகிறார் என்று தெரியாமல் பாட்டுக்குள் போனால் பாதி நேரம் அதைத் தேடுவதிலேயே போகும். பிறகு மூலத்தை இரண்டு தடவை வாய்விட்டு. புரியாவிட்டால் பரவாயில்லை, நிறுத்த வேண்டாம். மூன்றாவதாகப் பதவுரை, தெரியாத மூன்று நான்கு சொல்லுக்கு மட்டும். நான்காவதாக மறுபடி மூலம். பொழிப்புரையைக் கடைசியில், அதுவும் சந்தேகம் இருந்தால் மட்டும் பாருங்கள். முதலிலேயே அதைப் படித்துவிட்டால் மூலம், விடை தெரிந்த விடுகதைபோல உப்புச்சப்பில்லாமல் ஆகிவிடும். ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம், ஓர் இரவுக்கு மூன்று பாட்டு. நாலாவது பாட்டு முதல் பாட்டை அழித்துவிடும் என்பது படிக்கப் படிக்கத் தெரியவரும்.

பரிசாகக் கொடுப்பதென்றால் முதல் பக்கத்தில் வாழ்த்து எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். ஐங்குறுநூற்றுக்குள் ஒரு துண்டுச் சீட்டில் 401, 431, 203 என்று எழுதி வையுங்கள். தனிப்பாடல் திரட்டுக்குப் பாட்டு எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும் என்பதால், நாரை இருக்கும் பக்கத்தில் சீட்டைச் செருகிவிட்டாலே போதும்.